நான்கு வயதில் கேட்ட பாடம்

டமாஸ்கஸ் நகரத்தை ஒட்டி காசியூன் என்றொரு மலை. அதன் அடிவாரத்தில் ஸாலிஹிய்யா என்ற குடியிருப்பு. 1320-களின் பிற்பாதியில் அங்கே ஆயிஷா என்ற சிறுமியை வீட்டார் ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனார்கள். சிறுமிக்கு வயது நான்கு. பெரியவருக்கு நூறு தாண்டிவிட்டது. அவரை அல்-ஹஜ்ஜார் என்று அழைப்பார்கள். கல் வேலைக்காரர் என்று அர்த்தம். அவர் பார்த்த வேலையும் அதுதான். அவர் முன்னால் ஸஹீஹுல் புகாரீ வாசிக்கப்பட்டது. நபிகள் நாயகத்தின் சொல், செயல் பற்றிய செய்திகளை ஹதீஸ் என்கிறோம் அல்லவா, அவற்றைத் தொகுத்த நூல்களில் முதலிடம் பெற்றது அது. கூட்டத்தோடு கூட்டமாக அந்தக் குழந்தையும் உட்கார்ந்திருந்தது.

குழந்தைக்கு என்ன புரிந்திருக்கும்? ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, எகிப்திலிருந்து இப்னு ஹஜர் என்ற அறிஞர் டமாஸ்கஸ் வந்தபோது இந்த ஆயிஷாவின் முன் அமர்ந்து பல நூல்களை வாசித்துப் பாடம் கேட்டார். ஸஹீஹுல் புகாரீக்கு இன்றுவரை பெரிதும் மதிக்கப்படும் ஃபத்ஹுல் பாரீ என்ற உரையை எழுதியவர் அவர். அவ்வளவு பெரிய மேதை, நான்கு வயதில் கேட்ட ஒரு பாட்டியம்மாவிடம் ஏன் போனார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், இடைக்கால இஸ்லாமிய உலகில் பெண் அறிஞர்கள் இவ்வளவு பேர் எப்படி வந்தார்கள் என்பதும் விளங்கிவிடும். “அந்தக் காலத்திலேயே பெண்கள் படித்தார்களா!” என்று வியந்துவிட்டு நகர்வதுதான் நம் வழக்கம். எனக்கு அதில் திருப்தி இல்லை. வியப்பு அந்தப் பெண்களை விதிவிலக்குகளாக ஆக்கிவிடுகிறது. அவர்கள் விதிவிலக்குகள் அல்ல. அந்தக் கல்விமுறை இயங்கிய விதமே அவர்களைத் தேடிப் போகும்படி ஆட்களை அனுப்பியது.

சங்கிலி என்றால் என்ன

ஒரு ஹதீஸுக்கு இரண்டு பகுதி உண்டு. சொல்லப்படும் செய்தி ஒன்று. அது யார் வழியாக வந்தது என்ற பெயர் வரிசை இன்னொன்று. “எனக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார், அவர் இன்னாரிடம் கேட்டார்” என்று நபிகள் நாயகம் வரை போகும் அந்த வரிசைக்கு இஸ்னாது என்று பெயர். ஸனது என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டு அரபி மதரசாக்களில் படிப்பு முடித்தவர்களுக்கு ‘ஸனது வழங்கும் விழா’ நடத்துகிறார்களே, அந்தச் சொல்தான் இது.

செய்தி நூலாக எழுதப்பட்ட பிறகும் இந்தச் சங்கிலி அறுந்துபோகவில்லை. அச்சு இல்லாத காலம். எல்லாம் கைப்பிரதி. எழுதுபவர் ஒரு வரியை விட்டுவிடலாம், ஒரு புள்ளியை மாற்றிப் போடலாம். அரபியில் புள்ளி மாறினால் எழுத்தே மாறிவிடும். அதனால் நூலைக் கையில் வைத்திருப்பது போதாது. அதை முறைப்படி கேட்ட ஒருவர் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும், அவர் பிரதியோடு ஒப்பிட வேண்டும், பிறகு “இந்த நூலை என் வழியாக நீ அறிவிக்கலாம்” என்று அவர் அனுமதி தர வேண்டும். அந்த அனுமதிதான் இஜாஸா.

சரி, ஒரே நூலுக்கு இரண்டு சங்கிலிகள் இருந்தால் எது மேல்? எல்லாக் கண்ணிகளும் நம்பகமானவை என்றால், குறைவான கண்ணிகள் உள்ளதே மேல். வாய்க்கு வாய் மாறும்போது பிழை நுழைய வாய்ப்பு கூடும், அது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருந்தது. கண்ணி குறையக் குறைய நபிகளுக்கு நெருக்கமாகிறோம் என்ற உணர்வு. இப்படிக் குறுகிய சங்கிலியை ‘உயர்ந்த இஸ்னாது’ என்றார்கள். அதற்காக மாதக்கணக்கில் பயணம் செய்தார்கள்.

இங்கேதான் ஒரு எளிய கணக்கு வருகிறது. எண்பது வயதுப் பெரியவரிடம் நாற்பது வயதுக்காரர் கேட்டால், அந்தக் கண்ணி இன்னும் முப்பது, நாற்பது வருடம்தான் தாங்கும். அதே பெரியவரிடம் நான்கு வயதுக் குழந்தை கேட்டு, அது தொண்ணூறு வயது வரை வாழ்ந்தால்? ஒரே கண்ணி எண்பத்தைந்து வருடத்தைத் தாண்டிவிடும். ஆக, இளமையிலேயே கேட்டு, நீண்ட காலம் வாழ்ந்து, கேட்டதற்குச் சாட்சியும் உள்ள ஒருவர் கிடைத்தால் அவர் பொக்கிஷம். அவர் ஆணா பெண்ணா என்பது இந்தக் கணக்கில் வராது.

ஆயிஷாவின் சங்கிலியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸஹீஹுல் புகாரீயைத் தொகுத்த இமாம் புகாரீ இறந்தது 870-ல். அவரிடம் கேட்டவர் ஃபிரப்ரீ, இறந்தது 932. அவரிடம் கேட்டவர் ஸரக்ஸீ, 992. அடுத்து தாவூதீ, 1075. அடுத்து அபுல் வக்த், 1158. அடுத்து ஸபீதீ, 1233. அடுத்து நம் கல் வேலைக்காரர் அல்-ஹஜ்ஜார், 1330 வாக்கில். அவரிடம் கேட்ட ஆயிஷா 1413-ல் இறந்தார். புகாரீக்கும் ஆயிஷாவுக்கும் நடுவே ஆறே பேர். இடைவெளி 543 ஆண்டுகள்! அல்-ஹஜ்ஜாரிடம் நேரடியாகக் கேட்டவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் ஆயிஷா. அவருக்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது.

இந்த வரிசையில் ஒரு கண்ணி எப்படி உண்டானது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அபுல் வக்தின் ஊர் ஹெராத், இன்றைய ஆப்கானிஸ்தானில் இருப்பது. பத்து வயதுகூட ஆகாத பையனை அவருடைய அப்பா பூஷஞ்சு என்ற ஊருக்கு, தாவூதீயிடம் பாடம் கேட்க நடத்தியே கூட்டிப்போனார். பையனின் இரண்டு கையிலும் இரண்டு கல்லைக் கொடுத்தார், தூக்கிக்கொண்டு நட என்று. அப்பாவுக்குப் பயந்து பையனும் நடந்தான். களைத்துவிட்டான் என்று தெரிந்ததும் ஒரு கல்லைப் போடச் சொன்னார். பாரம் குறைந்ததில் கொஞ்ச தூரம் ஓடியது. மறுபடி சோர்ந்ததும் இரண்டாவது கல்லையும் போடச் சொன்னார். கடைசியில் நடக்கவே முடியாமல் போனபோது தோளில் தூக்கிக்கொண்டார். வழியில் வந்தவர்கள் பையனைச் சவாரியில் ஏற்றிக்கொள்கிறோம் என்று உதவிக்கு வந்தார்கள். நபிகளின் சொல்லைத் தேடிப் போகும்போது சவாரி செய்வதா என்று மறுத்துவிட்டார் அந்தத் தகப்பன். அபுல் வக்தே வயதான பிறகு சொன்ன கதை இது. அந்தத் தோள்மேல் சவாரி இல்லாமல் ஆயிஷாவின் சங்கிலி இல்லை.

மகளுக்குச் சேர்த்த சொத்து

அல்-ஹஜ்ஜார் பெரிய படிப்பாளி அல்ல. ஆனால் சிறுவயதில் ஸபீதீயின் பாடத்தில் இருந்திருக்கிறார். அது எப்படித் தெரிந்தது? ஏட்டில் இருந்தது. பாடம் நடக்கும்போது யார் யார் கேட்டார்கள் என்று பிரதியின் ஓரத்திலோ கடைசியிலோ எழுதிவைப்பார்கள். இடம், தேதி, வாசித்தவர் பெயர், வந்திருந்த ஆண்கள், பெண்கள், குழந்தைகள், அடிமைகள் எல்லாம் அதில் இருக்கும். யார் எந்தப் பகுதியைத் தவறவிட்டார் என்பதும் குறிக்கப்படும். ஐந்து வயது ஆனவர் ‘கேட்டார்’. அதற்குக் குறைந்தவர் ‘வந்திருந்தார்’. இப்படி வயதுக்கேற்ப வேறு சொல் போட்டதிலிருந்தே, குழந்தைக்குப் புரியாது என்பது அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது என்று தெரிகிறது. குழந்தையிடம் அவர்கள் எதிர்பார்த்தது புரிதலை அல்ல. நாளைக்கான உரிமையை இன்றே பதிந்து வைத்தார்கள். புரிதல் வளர்ந்த பிறகு வரட்டும்.

இதில் மகள்களை விட்டுவிடவில்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. நம் வீடுகளில் பெண் பிறந்தால் குந்துமணி குந்துமணியாக நகை சேர்ப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி டமாஸ்கஸின் கல்விக் குடும்பங்கள் மகளுக்கு இஜாஸா சேர்த்தன.

ஸைனப் பின்த் அல்-கமால் நல்ல உதாரணம். பிறந்தது 1248, ஊர் அதே ஸாலிஹிய்யா. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே பாக்தாதில் அஜீபா என்ற பெண் அறிஞரிடமிருந்து அவருக்கு இஜாஸா வாங்கப்பட்டது. அஜீபா 1249-ல் இறந்துவிட்டார். அதாவது ஒரு வயதை ஒட்டிய குழந்தைக்கு, வேற்றூர் மூதாட்டி ஒருவர் தன் வாழ்வின் கடைசி மாதங்களில் தந்த அனுமதி. அடுத்த பத்து ஆண்டுக்குள் மங்கோலியர் பாக்தாதைச் சூறையாடினார்கள். ஸைனப் 1339 வரை வாழ்ந்தார். அழிந்துபோன பழைய பாக்தாதின் அறிவுச் சங்கிலி ஒன்று, மங்கோலியப் படையெடுப்பு நடந்து எண்பது வருடம் கழிந்த பின்னும் டமாஸ்கஸில் ஒரு பெண்ணின் கையில் உயிரோடு இருந்தது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சிறுவயதிலேயே கண் நோய் வந்து அவதிப்பட்டவர். மாணவர்கள் அவர் வீட்டை மொய்த்தார்கள். பெரிய பெரிய நூல்களை அவர்முன் வாசித்தார்கள். சில நாள் பகல் பூராவும் வாசிப்பார்களாம், அவரும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாராம். 1326-ல் டமாஸ்கஸ் வழியாகப் போன பயணி இப்னு பதூதாவும் அவரிடம் இஜாஸா வாங்கியதை எழுதியிருக்கிறார். ஸைனப் இறந்தபோது, அவர் மறைவால் மக்கள் ‘ஒரு படி இறங்கிவிட்டார்கள்’ என்று பதிந்தார்கள். ஓர் ஒட்டகச் சுமை அளவு ஹதீஸ்களில் இறங்கிவிட்டார்களாம். முதல்முறை இதைப் படித்தபோது அலங்காரப் பேச்சு என்றுதான் நினைத்தேன். இஸ்னாது கணக்கு தெரிந்த பிறகுதான் புரிந்தது, இது அப்படியே உண்மை. அவர் இருந்தவரை அவர் வழியாக ஒரு கண்ணி குறைவு. அவர் போனதும் எல்லோருக்கும் ஒரு கண்ணி கூடிவிட்டது.

ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் இதைவிடப் பெரிய தாவல் ஒன்று நடந்திருக்கிறது. தபரானீ என்ற ஹதீஸ் தொகுப்பாளர் நூறு ஆண்டு வாழ்ந்து 971-ல் இறந்தார். அவரிடம் கேட்ட இப்னு ரீதா இறந்தது 1048-ஐ ஒட்டி. அவரிடம் சிறுமியாகக் கேட்டவர் ஃபாத்திமா அல்-ஜூஸ்தானிய்யா. அவர் இறந்தது 1130. தபரானீக்கும் ஃபாத்திமாவுக்கும் நடுவே ஒரே ஒருவர்! தபரானீயின் பெருந்தொகுப்பு பின்வந்த தலைமுறைகளுக்கு வந்து சேர்ந்ததில் இந்த ஃபாத்திமாவின் இடம் மிகப் பெரியது. அந்தச் சங்கிலியைத் தன் மகளுக்குப் பெற்றுத் தர, ஸ்பெயினின் வலன்சியாவைச் சேர்ந்த ஒரு தகப்பன் இஸ்ஃபஹான் வரை வந்தார். ஸஅதுல் கைர் என்று பெயர். சீனா வரை போய் வந்ததால் பெயரோடு ‘சீனக்காரர்’ என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டது. அந்த மகள், அவர் பெயரும் ஃபாத்திமாதான், பிற்காலத்தில் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் பாடம் சொன்னார்.

நடுவில் ஒரு மௌனம்

இதெல்லாம் முதல் நாளிலிருந்து ஒரே சீராக நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. முதல் தலைமுறையில் நபிகளின் மனைவி அன்னை ஆயிஷாவின் பெயரால் மட்டும் 2210 ஹதீஸ்கள் எண்ணப்படுகின்றன. அவரிடம் வளர்ந்த அம்ரா பின்த் அப்துர் ரஹ்மானின் ஹதீஸ்களை எழுதி வைக்கும்படி கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் மதீனாவுக்கு ஆணை அனுப்பினார். அப்புறம் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பெண்களின் பெயர்கள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. அப்போது ஹதீஸ் அறிவிப்பு கறாரான தொழில்முறைத் துறையாக மாறியிருந்தது. ஊர் ஊராகத் தனியே அலைய வேண்டும், ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களைச் சல்லடை போட்டுச் சலிக்க வேண்டும், சட்ட வாதங்களில் மோத வேண்டும். பெண்களுக்கு அந்தப் பாதை அடைபட்டது.

புகாரீ போன்ற தொகுப்புகள் நிலைபெற்ற பிறகு நிலைமை மாறியது. சலிக்கும் வேலை முடிந்துவிட்டது. இனித் தேவை நூலைப் பிழையில்லாமல் கைமாற்றுவது. பத்தாம் நூற்றாண்டிலிருந்து பெண்கள் திரும்ப வருகிறார்கள், முன்னைவிடப் பெருங்கூட்டமாக.

அப்படி வந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் கரீமா அல்-மர்வஸிய்யா. மத்திய ஆசியாவின் மர்வு பக்கத்தவர்; மக்காவில் குடியேறி, 1070-ஐ ஒட்டி அங்கேயே இறந்தார். ஸஹீஹுல் புகாரீயை ஃபிரப்ரீயின் மாணவரான குஷ்மீஹனீயிடம் கேட்டவர். ஹஜ்ஜுக்கு வந்த பெரிய அறிஞர் கதீப் அல்-பக்தாதீ அவரிடம் ஐந்தே நாளில் அந்த நூலை முழுதும் வாசித்து முடித்தார். இன்னொரு மாணவர் சொன்ன அனுபவம் இது. கரீமா தம் பிரதியை எடுத்துக் கொடுத்தார். மாணவர் எதிரே உட்கார்ந்து ஏழு தாள் படியெடுத்தார், வாசித்தும் காட்டினார். சரி, ஒப்பிட்டுப் பார்ப்பதை நாமே தனியாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தார். கரீமா விடவில்லை. “என்னோடு சேர்ந்து ஒப்பிட்டால்தான்” என்றார். வேறு வழியில்லை, கூட உட்கார்ந்து ஒப்பிட்டார்.

ஏழு தாள்தான். ஆனாலும் விடவில்லை. பெண் அறிஞர்கள் வெறும் பெயருக்குச் சங்கிலியில் இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் இந்த ஏழு தாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணின் சொல்லை ஏற்பதில் தயக்கம் இல்லையா என்று கேட்கலாம். நீதிமன்றச் சாட்சியத்துக்கு ஒரு விதி, ஹதீஸ் அறிவிப்புக்கு வேறொரு விதி என்று அறிஞர்கள் பிரித்தே வைத்திருந்தார்கள். அறிவிப்பில் பார்க்கப்படுவது நாணயமும் நினைவாற்றலும். பலவீனமான அறிவிப்பாளர்களைப் பட்டியல் போட்டுத் தோலுரித்த தஹபீ, பெண்களில் பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்டவரையோ, ஒதுக்கித் தள்ளப்பட்டவரையோ தாம் அறியவில்லை என்று எழுதிவைத்தார்.

ஆனால் எல்லாக் கதவும் திறந்திருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மதரசாக்களில் சம்பளம் வாங்கும் பேராசிரியர் பதவி, நீதிபதிப் பதவி எல்லாம் ஆண்களிடமே இருந்தன. பெண்கள் வீட்டில், பள்ளிவாசலில், ஸூஃபி மடங்களில் பாடம் சொன்னார்கள். பெரும்பாலும் படித்த, வசதியுள்ள குடும்பத்துப் பெண்கள். சட்டத் துறையில் பெயர் பெற்றவர்கள் குறைவு. அவர்களில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஃபாத்திமா அஸ்-ஸமர்கந்திய்யாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபீ பிரிவின் அறிஞரான தந்தை எழுதிய நூல் இவருக்கு மனப்பாடம். அந்த நூலுக்கு விரிவான உரை எழுதிய மாணவர் காஸானீக்கு இவரை மணமுடித்துக் கொடுத்தார் தந்தை. அந்த உரையே மஹராக, அதாவது மணமகன் மணமகளுக்குத் தரும் கொடையாக, கணக்கானது. வீட்டிலிருந்து போகும் ஃபத்வாக்களில், அதாவது மார்க்கச் சட்டத் தீர்ப்புகளில், தந்தை, மகள், மருமகன் என மூவரின் கையெழுத்தும் இருக்கும். கணவர் தடுமாறும் இடத்தில் திருத்துவது இவர்தான். பிற்காலத்தில் அலெப்போவில், ரமலானில் மதரசா மாணவர்களுக்கு நோன்பு திறக்க உணவு தர வேண்டும் என்று தம் கையில் இருந்த இரண்டு வளையல்களைக் கழற்றி விற்றார்.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஸகாவீ தம் காலத்து மனிதர்களைப் பற்றி எழுதிய வரலாற்றுக் கோவையில் கடைசிப் பகுதியைப் பெண்களுக்கே ஒதுக்கினார். அதில் 1075 பேர் இருக்கிறார்கள். எல்லோரும் அறிஞர்கள் அல்ல. பலரைப் பற்றி இரண்டு வரிதான். ஆனாலும் எழுதிவைத்தார்.

எழுதுகோல் பிடித்த கை

இனி பாக்தாத். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே ஷுஹ்தா என்ற பெண் வாழ்ந்தார். தொண்ணூறு வயதைக் கடந்து 1178-ல் இறந்தார். குடும்பப் பெயர் அல்-இபரீ. ஊசித் தொழிலைக் குறிக்கும் பெயர். ஊரார் அவருக்குக் கொடுத்த பட்டம் ‘ஃபக்ருன் நிஸா’, பெண்குலத்தின் பெருமை. அவருடைய இஸ்னாது ‘சிறியவர்களைப் பெரியவர்களோடு சேர்த்தது’ என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதினார். இவ்வளவு நேரம் நாம் பார்த்த கணக்கு அந்த நாலு சொல்லில் அடங்கிவிட்டது. ஆனால் அவர் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது வேறொரு சொல்: காத்திபா. எழுதுபவர் என்று பொருள். அழகெழுத்துக் கலைஞர் என்ற மரியாதையும் அதில் உண்டு. அவரிடம் பாடம் கேட்ட இப்னுல் ஜவ்ஸீயும் அவர் கையெழுத்தின் அழகைத் தனியாகக் குறிப்பிட்டார்.

ஹதீஸையும் அழகெழுத்தையும் இரண்டு தனித் துறை என்று பார்ப்பது நம் காலத்துப் பழக்கம். ஷுஹ்தாவுக்கு இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். காதால் கேட்டதைச் சிதையாமல் காப்பது ஒன்று. கண்ணால் பார்ப்பதைச் சிதையாமல் எழுதுவது இன்னொன்று. எழுத்திலும் குரு சீடர் வரிசை உண்டு. பிற்கால எழுத்துக் கலைஞர்கள் தங்கள் குருவரிசையைச் சொல்லும்போது ஷுஹ்தாவின் பெயரையும் சேர்த்தார்கள்.

அந்த எழுத்து எப்படி உருவானது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நாணல் தண்டைச் சீவி, நுனியைச் சாய்வாக வெட்டி, நடுவே கீறிவிடுவார்கள். அந்த நுனியை மையில் தோய்த்து ஒரே இடத்தில் அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அதுதான் அளவுகோல். அலிஃப் என்ற முதல் எழுத்து எத்தனை புள்ளி உயரம், வளைவு எத்தனை புள்ளி அகலம் என்று எல்லாம் அதைக் கொண்டே அளக்கப்படும். நுனி பெரிதானால் எழுத்தும் பெரிதாகும், விகிதம் மாறாது. பத்தாம் நூற்றாண்டில் இப்னு முக்லா வகுத்த முறை இது. 1022-ல் இறந்த இப்னுல் பவ்வாப் அதற்கு மெருகேற்றினார்.

இப்னுல் பவ்வாபின் முறையில் கைதேர்ந்தவராகப் பாக்தாதில் பெயர் வாங்கியவர் ஃபாத்திமா, ‘பின்த் அல்-அக்ரஃ’ என்று அழைக்கப்பட்டவர். கலீஃபாவின் அரண்மனையிலிருந்து பைஸாந்திய மன்னருக்குப் போன சமாதானக் கடிதத்தை எழுத இவரைத்தான் தேர்ந்தார்கள். வேற்று நாட்டு அரசவையில் விரித்துப் பார்க்கப்படும் கடிதம். அதன் எழுத்தே ஓர் அரசின் முகம். அமைச்சர் குந்துரீக்கு ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுத்ததற்கு ஆயிரம் தினார் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். தினார் என்பது சுமார் நான்கு கிராம் எடையுள்ள பொற்காசு. 1087-ல் அவர் இறந்தார். ஷுஹ்தாவின் எழுத்து இவருடைய பாணியைப் பின்பற்றியது என்பார்கள்.

அழகெழுத்து எல்லோருக்கும் ஆயிரம் தினார் தரவில்லை. பலருக்கு அது அன்றாடப் பிழைப்பு. ஸ்பெயினின் குர்துபா (கோர்டோபா) நகரின் கிழக்குப் புறநகரில் மட்டும் 170 பெண்கள் கூஃபி என்ற பழைய அரபி எழுத்துவகையில் குர்ஆன் பிரதிகள் எழுதிக்கொண்டிருந்ததாக மர்ராகுஷீ பதிந்திருக்கிறார். ஒரு மூலையிலேயே இத்தனை பேர் என்றால் ஊர் முழுக்க எத்தனை பேர் என்று அவரே கேட்கவும் செய்கிறார். அதே குர்துபாவில் ஆயிஷா பின்த் அஹ்மத் என்ற கவிஞர் தம் கையாலேயே முஸ்ஹஃபுகள், அதாவது குர்ஆன் பிரதிகள், எழுதினார், நூல்கள் சேர்த்தார். கலீஃபா இரண்டாம் ஹகமின் அரண்மனையில் எழுத்தராக இருந்தவர் லுப்னா, 984-ல் இறந்தார். இலக்கணம், கணக்கு, கவிதை, கையெழுத்து நான்கிலும் தேர்ந்தவர் என்று பழைய குறிப்பு சொல்கிறது. இணையத்தில் அவரைப் பற்றிப் பெரிய பெரிய கதைகள் படத்தோடு சுற்றுகின்றன. அவையெல்லாம் தேவையே இல்லை. அந்த ஒரு வரியே போதுமான புகழ்.

அந்தலூஸில், அதாவது முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயினில், இன்னொரு பெண், ஸஃபிய்யா பின்த் அப்துல்லாஹ். முப்பது வயதுகூட நிரம்பாமல் 1026-ல் இறந்துவிட்டார். அவர் கையெழுத்தில் ஒரு பெண்மணி குறை சொன்னாராம். ஸஃபிய்யா வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. மூன்று ஈரடிகளில் ஒரு கவிதை எழுதினார். “என் எழுத்தைப் பழிப்பவளே, நிறுத்து, என் வரிகளில் முத்துகள் கோத்திருப்பதை உனக்குக் காட்டுகிறேன். என் கையை அழைத்தேன், உன் எழுத்தை அள்ளிக் கொடு என்றேன். பேனாக்களையும் தோலையும் மைக்கூட்டையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். நான் புனைந்த இந்த மூன்று ஈரடிகளைக் கை எழுதியது. இப்போது பார் என்றேன்.” இதன் அழகு என்னவென்றால், கவிதையை மனப்பாடமாகச் சொன்னால் பதில் முழுமையாகாது. எழுதிக் காட்ட வேண்டும். நமக்கு வந்து சேர்ந்திருப்பது சொற்கள் மட்டும்.

கையால் தொடக்கூடிய சான்று வேண்டும் என்றால் துனீசியாவின் கைரவான் நகருக்குப் போக வேண்டும். அங்கே பெரிய பள்ளிவாசலுக்கு 1020-ல் ஒரு குர்ஆன் பிரதி வக்ஃபாக, அதாவது அறக்கொடையாக, கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் ஃபாத்திமா, அந்தப் பகுதியை ஆண்ட ஸீரிது அரச குடும்பத்தின் செவிலித்தாய். அதனால் அந்தப் பிரதிக்கு ‘செவிலித்தாயின் குர்ஆன்’ என்றே பெயர். பதப்படுத்திய தோலில், பக்கத்துக்கு ஐந்தே வரி. தடித்த எழுத்து, கூர்மையாகக் கீழிறங்கும் கோடுகள். ஐந்து வரிக்கு ஒரு பக்கம் என்றால் முழு குர்ஆனுக்கு எத்தனை தோல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அதன் தாள்கள் இன்றும் இருக்கின்றன, சில நியூயார்க் அருங்காட்சியகத்திலும் உள்ளன.

அதில் எழுதப்பட்ட குறிப்பில் அலீ பின் அஹ்மத் அல்-வர்ராக் என்பவர் தாம் எழுதி, குறியிட்டு, பொன் பூசி, கட்டியதாகச் சொல்கிறார். அதற்கு அடுத்து இன்னொரு பெயரும் வருகிறது. இந்தப் பெருவேலை அவருடைய பொறுப்பில், அவர் கைகளின் வழியாக நடந்தது என்று. அந்தப் பெயர் துர்ரா. முத்து என்று பொருள். தந்தை பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை. கூட இருப்பது ஒரே ஒரு சொல்: அல்-காத்திபா.